ஆஃபர் லெட்டரில் இருக்கும் அந்த இரண்டு வரி: பிரிட்டன் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் தகுதியை நிறைவேற்ற முழுமையான வழிகாட்டி

ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷத்தில் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுவோம். அடுத்த பக்கத்தில் நிபந்தனைகள் என்று ஒரு பகுதி இருக்கும். பட்டப்படிப்பு மதிப்பெண், சான்றிதழ் நகல் என்று போய், கடைசியில் ஆங்கிலத்தைப் பற்றி இரண்டு வரி. என்னுடைய ஐந்து மாதத்தை அந்த இரண்டு வரிதான் எடுத்துக்கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன் நான். பயத்தில் உடனே கோச்சிங் சென்டரில் பணம் கட்டி, ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதி, ரைட்டிங்கில் அரை பேண்ட் (அந்தத் தேர்வின் மதிப்பெண் அளவு) குறைந்து, மறுபடி எழுதித் தேறிய பிறகுதான் தெரிந்தது, நான் விண்ணப்பித்திருந்த இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்று என் ப்ளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்றுக்கொண்டிருக்கும் என்று. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். செப்டம்பரில் தொடங்கும் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குத் தமிழ்நாட்டிலிருந்து போகிறவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், ஆனால் ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் அந்த வரியைச் சரியாகப் படியுங்கள்

பெரும்பாலும் வரி இப்படி இருக்கும்: ஐயெல்ட்ஸ் மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6.0-க்குக் குறையக்கூடாது. தேர்வில் லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்று நான்கு பகுதி. நம் கண் 6.5-ல் நின்றுவிடும். ஆளை விழவைப்பது இரண்டாவது பாதி.

கணக்கைப் பாருங்கள். லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 6.5 என்று ஒருவர் வாங்குகிறார். கூட்டினால் 26.5, நான்கால் வகுத்தால் 6.625, அருகிலுள்ள அரை பேண்டுக்குச் சரிசெய்தால் 6.5. மொத்தம் சரி, ஆனால் ரைட்டிங் 5.5 என்பதால் நிபந்தனை நிறைவேறவில்லை. லிசனிங்கில் 9 வாங்கியிருந்தாலும் இதே கதைதான். சராசரி 6.25 வந்தால் 6.5 ஆகும், 6.75 வந்தால் 7 ஆகும், 6.125 வந்தால் 6.0-க்கு இறங்கும். தேர்வுக்குப் படிக்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருந்தால், எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பது தானாகத் தெளிவாகும்.

ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே துறைக்குத் துறை எண் மாறும். இன்ஜினியரிங்குக்கு 6.0 அல்லது 6.5 கேட்கும் இடத்தில் சட்டத்துக்கும் இலக்கியத்துக்கும் 7, 7.5 என்று போகும். ஆகவே பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் படிப்பின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இதோடு இன்னொரு பூட்டும் இருக்கிறது, விசா. பிரிட்டனின் மாணவர் விசாவுக்குப் பட்டப்படிப்பு நிலையில் (முதுகலையும் இதில் அடங்கும்) பி2 தரம் வேண்டும், அதாவது மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் ஒரு படி. ஐயெல்ட்ஸ் கணக்கில் அது ஒவ்வொரு பகுதியிலும் 5.5. ஆனால் உயர்கல்வி நிறுவனம் என்ற தகுதியில் இருக்கும் பல்கலைக்கழகம், பட்டப்படிப்பு நிலைக்கு, உங்கள் ஆங்கிலத்தைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளலாம், எப்படி மதிப்பிட்டோம் என்பதைக் காஸ் ஆவணத்தில் குறிப்பிட்டால் போதும். காஸ் என்பது விசாவுக்காகப் பல்கலைக்கழகம் உங்களுக்குக் கொடுக்கும் உறுதி எண். இந்த ஒரு விதி இருப்பதால்தான் ப்ளஸ் டூ மார்க், டுவோலிங்கோ என்ற ஆன்லைன் தேர்வு எல்லாம் செல்லுபடியாகின்றன. பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் விசா அலுவலகம் தனியாகத் தேர்வுச் சான்று கேட்பதில்லை.

தேர்வே தேவையா என்று பாருங்கள்

கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பிரிட்டனில் நிறையப் பல்கலைக்கழகங்கள் இந்திய மாணவர்களுக்கு இரண்டு மாற்று வழிகள் வைத்திருக்கின்றன.

ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண். பல்கலைக்கழகத்தின் தளத்தில் இந்தியாவுக்கான பக்கத்தைத் திறந்தால் எந்த போர்டுக்கு எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். சிபிஎஸ்இ-க்கு ஓர் எண், மாநில போர்டுகளுக்கு ஓர் எண், சில இடங்களில் சில மாநில போர்டுகளை மட்டும் ஏற்பார்கள். 65-லிருந்து 80 சதவீதம் வரை பல அளவுகளில் இருக்கும். சிலர் எந்த ஆண்டு வரை எழுதியது செல்லும் என்று கால வரம்பும் வைப்பார்கள், வேலைக்குப் போய்விட்டு ஐந்தாறு வருடம் கழித்துப் படிக்கப் போகிறவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நம் மாநில போர்டுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. ப்ளஸ் டூ மொத்தம் 1200-ஆக இருந்த காலத்தில் எழுதியவர்களுக்கு ஆங்கிலம் இரண்டு தாள், 200 மதிப்பெண். 2019 மார்ச்சிலிருந்து மொத்தம் 600, ஆங்கிலம் 100. பழைய மார்க் ஷீட்டில் 152 என்று இருப்பதை 76 சதவீதம் என்று விண்ணப்பத்தில் நீங்களே தெளிவாக எழுதிவிடுங்கள். அட்மிஷன் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் ஊர் மாற்றங்கள் எல்லாம் நினைவில் இருக்காது.

தமிழ்வழியில் படித்தால் ப்ளஸ் டூ ஆங்கில மார்க் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். பல பல்கலைக்கழகங்கள் பார்ப்பது ஆங்கிலப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும்தான், மற்ற பாடங்களை எந்த மொழியில் படித்தீர்கள் என்பதை அல்ல. உங்களுடையது எப்படி என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பயிற்றுமொழிச் சான்று. பட்டப்படிப்பு முழுவதும் ஆங்கிலவழியில் நடந்தது என்று கல்லூரியோ பல்கலைக்கழகமோ லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தருவது. இதில் கவனிக்க வேண்டியது, கல்லூரி முதல்வர் கொடுத்தால் போதுமா, இணைப்புப் பல்கலைக்கழகமே கொடுக்க வேண்டுமா என்பது. இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்க நாட்கள் ஆகும். சான்றில் உங்கள் முழுப்பெயர், பதிவு எண், படிப்பின் பெயர், தொடங்கி முடிந்த ஆண்டுகள், சரிபார்க்க ஒரு அலுவலக மின்னஞ்சல் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். இலவச மின்னஞ்சல் முகவரி போட்ட சான்றைத் திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு.

பட்டமும் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இந்த வழி கிடையாது. நம் அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பட்டங்கள் வெகு காலமாக இருக்கின்றன, அண்ணா பல்கலைக்கழகத்திலும் 2010-லிருந்து சிவில், மெக்கானிக்கல் தமிழ்வழியில் உண்டு. அப்படிப் படித்துவிட்டு ஆங்கிலவழி என்று யாரிடமாவது சான்று வாங்கிவிடலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். அதே பட்டத்துக்கு அரசு வேலைக்காகத் தமிழ்வழிச் சான்றும் வாங்கி வைத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கும். பொய் ஆவணம் பிடிபட்டால் விசா மறுப்பதோடு நிற்காது, பத்து ஆண்டு வரை விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம். தேர்வு எழுதித் தேறிவிடலாம், பயப்படாதீர்கள்.

தேர்வுதான் என்றால், எது?

ஐயெல்ட்ஸ் அகாடமிக் எல்லா இடத்திலும் செல்லும். லிசனிங் 40 கேள்வி, ரீடிங் 60 நிமிடத்தில் 40 கேள்வி, ரைட்டிங் 60 நிமிடத்தில் இரண்டு பகுதி, ஸ்பீக்கிங் ஓர் ஆள் முன் 11 முதல் 14 நிமிடம். இந்தியாவில் கட்டணம் ரூ.17,000-க்கு மேல். மனிதரோடு பேசும்போது நன்றாகப் பேசுவேன், இயந்திரத்திடம் பேச வராது என்பவர்களுக்கு இதுதான் சரி.

பி.டி.இ. அகாடமிக் முழுக்கக் கம்ப்யூட்டரில், சுமார் இரண்டு மணி நேரம், 10 முதல் 90 வரை மதிப்பெண். முடிவு பெரும்பாலும் இரண்டு நாளில் வந்துவிடும். எதிரில் ஓர் அதிகாரி உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பவர்களுக்கு இது நிம்மதி, ஆனால் சுற்றிலும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் மைக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள், அதற்குப் பழக வேண்டும். டோஃபல் அமெரிக்காவுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு. டுவோலிங்கோ வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் எழுதுவது, மலிவு, 10 முதல் 160 வரை மதிப்பெண். எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்பதில்லை, ஏற்கும் இடத்தை உறுதி செய்துகொண்டு எழுதினால் பணம் மிச்சம். இவை எல்லாமே இரண்டு ஆண்டு செல்லும்.

யூ.கே.வி.ஐ. (பிரிட்டனின் விசா துறை) ஐயெல்ட்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. கேள்வித்தாளின் தன்மையில் வித்தியாசம் இல்லை, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் கூடுதல் அடையாளச் சரிபார்ப்போடு நடக்கும், கட்டணம் அதிகம். நேரடியாக முதுகலைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. பட்டப்படிப்புக்கு முந்தைய பவுண்டேஷன் படிப்புக்கோ, முன்தயாரிப்பு ஆங்கில வகுப்புக்கோ போக நேர்ந்தால் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். சில கன்சல்டன்சிகளில் எல்லோரையும் இதை எழுதச் சொல்வார்கள். ஏன் என்று கேளுங்கள், காரணத்தைப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள்.

பெயர்

இதற்கு ஒரு தனித் தலைப்பு ஏன் என்று தோன்றலாம். நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மார்க் ஷீட்டில் இனிஷியல், பட்டச் சான்றில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக, அல்லது குடும்பப் பெயர் காலியாக. இந்தியாவில் ஐயெல்ட்ஸ் எழுதப் பாஸ்போர்ட் மட்டுமே அடையாள ஆவணம், ஆகவே தேர்வுக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே பதியுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் அதே வடிவம். குடும்பப் பெயர் காலியாக இருந்து படிவம் அதைக் கட்டாயம் கேட்டால், புள்ளியோ அப்பா பெயரோ நீங்களாகப் போட்டுவிடாமல், என்ன போடுவது என்று அட்மிஷன் அலுவலகத்தைக் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ஒரு பெயரும் மதிப்பெண் சான்றில் இன்னொரு பெயரும் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாமல் உங்கள் கோப்பு அப்படியே கிடக்கும். எனக்கு மூன்று வாரம் கிடந்தது, நானாகப் போன் செய்து கேட்ட பிறகுதான் காரணமே தெரிந்தது.

பாஸ்போர்ட் காலாவதி ஆகப்போகிறது என்றால் தேர்வுக்குப் பதியும் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

காலத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

செப்டம்பரில் வகுப்பு. விசா முடிவுக்குச் சாதாரணமாக மூன்று வாரம். அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை, வங்கியில் 28 நாள் பணம் இருக்க வேண்டும். காஸ் வர வேண்டுமென்றால் எல்லா நிபந்தனையும் முடிந்திருக்க வேண்டும், நிறைய இடங்களில் அதற்கான கடைசி நாள் ஜூலையிலேயே வந்துவிடும். அப்படியானால் முதல் தேர்வு மார்ச் அல்லது ஏப்ரலில் முடிந்திருந்தால்தான் மே மாதம் இன்னொரு முறை எழுத இடம் இருக்கும். மே, ஜூனில் சென்னை, கோவை மையங்களில் ஸ்லாட் கிடைப்பது கஷ்டமாகும், ஏனென்றால் எல்லோரும் அப்போதுதான் விழித்துக்கொள்வார்கள்.

காஸுக்கு முன் டெபாசிட் கட்டச் சொல்வார்கள். ஆங்கில நிபந்தனை நிறைவேறாவிட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்பதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள், வீட்டில் நகையை வைத்துக் கட்டும் பணம் அது.

தயாரிப்பு: லிசனிங், ரீடிங்கை விட மற்ற இரண்டும்

லிசனிங், ரீடிங் இரண்டும் பயிற்சித் தாள்கள் போட்டுப் போட்டு ஏறிவிடும். 40-க்கு 30 சரியாக வந்தால் ஏறக்குறைய 7, 23 வந்தால் ஏறக்குறைய 6. கடிகாரம் வைத்து எழுதி, தப்பான ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று பார்த்தால் போதும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ரைட்டிங்தான் நம் ஆட்களைத் தடுக்கிறது. இரண்டு பகுதி: வரைபடம் ஒன்றைக் குறைந்தது 150 சொல்லில் விவரிப்பது, கருத்துக் கட்டுரை ஒன்றைக் குறைந்தது 250 சொல்லில் எழுதுவது. இரண்டாவதற்கு இரட்டிப்பு மதிப்பு. அதனால் முதலாவதை 20 நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும், அழகாக வருகிறது என்று 30 நிமிடம் எடுத்தால் கட்டுரை அரைகுறையாகும். கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்து ஒழுங்காகத் தொடர்கிறதா, சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோலுக்கும் சம எடை.

கோச்சிங் சென்டரில் கொடுக்கும் மனப்பாட முன்னுரைகளை விட்டுவிடுங்கள். அவற்றைத் திருத்துபவர் ஆயிரம் முறை பார்த்திருப்பார், மனப்பாடம் என்று தெரிந்தால் மதிப்பெண் குறையும். நான் இரண்டாம் முறை எழுதியபோது செய்த ஒரே மாற்றம், எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று தமிழிலேயே யோசித்து, இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் என்று குறித்துக்கொண்டு, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதியதுதான். யோசிப்பதைத் தமிழில் செய்யலாம். வாக்கியத்தைத் தமிழில் அமைத்து அப்படியே மாற்றக்கூடாது, அங்கேதான் தவறு வரும்.

நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். தமிழில் 'எ', 'தி' போன்ற முன்சொற்கள் கிடையாது, அதனால் நாம் அவற்றை விட்டுவிடுவோம். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்போம், அங்கே பன்மை, 'ஃப்ரெண்ட்ஸ்' வர வேண்டும். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்போம், 'ஐ ஹேவ்' போதும். 'டிஸ்கஸ்' என்றாலே விவாதிப்பது, பக்கத்தில் 'அபவுட்' வேண்டாம். 'அவன் போகிறான்' என்பதில் நமக்கு விகுதி தானாக வந்துவிடும், ஆங்கிலத்தில் 'ஹீ கோ' என்று எஸ் இல்லாமல் எழுதிவிடுவோம். இந்த ஐந்தை மட்டும் நிறுத்தினாலே இலக்கண மதிப்பெண் நகரும்.

கம்ப்யூட்டரில் எழுதப் போகிறீர்கள் என்றால் டைப்பிங்கும் பழகுங்கள். சொற்களின் எண்ணிக்கை திரையில் தெரியும், ஆனால் எழுத்துப்பிழையைக் காட்டிக்கொடுக்க எதுவும் இருக்காது. செல்போனில் தானாகத் திருத்தியே பழகிய கைக்கு அது பெரிய அதிர்ச்சி.

ஸ்பீக்கிங்கில் உச்சரிப்பை வெள்ளைக்காரர் மாதிரி மாற்ற வேண்டியதில்லை, புரிந்தால் போதும். ஆனால் தமிழில் க, ட, ப வரிசைக்கு ஓர் எழுத்தே இருப்பதால் நமக்குச் சில ஒலிகள் கலந்துவிடும். 'பேக்' என்று தமிழில் எழுதினால் அது பையா, முதுகா, அடுப்பில் கேக் சுடுவதா? எழுத்தில் மூன்றும் ஒன்று, வாயில் மூன்றும் வேறாக வர வேண்டும். இந்த மாதிரி ஒரு இருபது சொல்லைச் செல்போனில் பதிவு செய்து கேட்டுப் பழகுங்கள். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டை கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். பெரிய விஷயம் எல்லாம் தேட வேண்டாம். உங்கள் தெருவில் உள்ள டீக்கடையைப் பற்றி நிஜமாகப் பேசினால் பேச்சு தானாக வரும்.

மதிப்பெண் குறைந்துவிட்டால்

முதல் நாள் அழுகை வரும், பரவாயில்லை. அப்புறம் எந்தப் பகுதியில் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள்.

ஒரே ஒரு பகுதி குறைந்தால், கம்ப்யூட்டர் ஐயெல்ட்ஸ் எழுதியவர்கள் அந்தப் பகுதியை மட்டும் 60 நாளுக்குள் மறுபடி எழுதலாம். ஆனால் பணம் கட்டும் முன், இந்த மறுதேர்வு மதிப்பெண்ணை ஏற்பீர்களா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள், ஏற்காத இடங்களும் இருக்கின்றன. ரைட்டிங்கில் அரை பேண்ட்தான் குறைவு, நன்றாக எழுதினேன் என்ற உறுதி இருந்தால் ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம், மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்பும். லிசனிங், ரீடிங்குக்கு அது பெரும்பாலும் வீண், அங்கே சரி தவறு மட்டும்தான். இரண்டு வெவ்வேறு ஐயெல்ட்ஸ் தேர்வுகளின் நல்ல மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டலாமா என்று கேட்பார்கள், பொதுவாக முடியாது.

இல்லையென்றால் பல்கலைக்கழகமே கோடையில் நடத்தும் முன்தயாரிப்பு வகுப்பு. குறைவுக்கு ஏற்ப 6 வாரம், 10 வாரம் என்று இருக்கும். அது நல்ல வகுப்புதான், அங்கே கட்டுரை எழுதக் கற்பது பின்னால் ஆண்டு முழுக்க உதவும், ஆனால் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து லட்சக்கணக்கில் ஆகும். இன்னொரு முறை தேர்வு எழுதுவது அதைவிட மலிவு என்பதால், நேரம் இருந்தால் நான் தேர்வைத்தான் சொல்வேன்.

அரை பேண்ட் குறைவு என்று சொல்லி, இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று அட்மிஷன் அலுவலகத்துக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் போடுவதும் தப்பில்லை. சில துறைகள் ப்ளஸ் டூ மார்க்கையோ பட்டத்தையோ சேர்த்துப் பார்த்து விட்டுக்கொடுப்பதுண்டு. பணம் கொடுத்தால் மதிப்பெண் வாங்கித் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்கு மட்டும் பதில் போடாதீர்கள், பல்கலைக்கழகம் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் தேர்வு நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாகச் சரிபார்க்கிறது.

அனுப்பிய பிறகு

மதிப்பெண் சான்றை உங்கள் மாணவர் கணக்கில் ஏற்றி, சான்றில் இருக்கும் எண்ணையும் குறிப்பிட்டு, நிபந்தனை நீங்கிவிட்டதா என்று ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஏஜென்ட் மூலம் விண்ணப்பித்திருந்தாலும் அந்தக் கணக்கின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். நிபந்தனையற்ற ஆஃபர் வந்ததும் ஆங்கிலத்தைப் பற்றிய அந்த இரண்டு வரி காணாமல் போயிருக்கும். பிறகு காஸ் வரும்போது அதில் ஆங்கிலத் தகுதி எப்படி மதிப்பிடப்பட்டது என்று ஓர் இடம் இருக்கும். நீங்கள் கொடுத்தது ப்ளஸ் டூ மார்க் என்றால் அதுவும், ஐயெல்ட்ஸ் என்றால் அதுவும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தப்பு இருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள், திருத்திய பிறகுதான் விசா படிவத்தைத் திறக்க வேண்டும்.